ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு மீன் கடை: கண்ணாடித் தொட்டியின் கதை

(ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்கிறேன். 2017 மே 23.

அன்னைக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ சில புது விதிகளை அறிவிச்சுது. அதுல ஒண்ணு உங்களுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். இறைச்சிக்காக மாட்டைச் சந்தையில விக்கக் கூடாதுங்கற விதி. நாடே கொந்தளிச்சுது. சென்னை ஐ.ஐ.டி.யில மாணவர்கள் மாட்டிறைச்சி விருந்து வெச்சாங்க. மே 30-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது, ஜூலையில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டிச்சுது. டிவி விவாதம், போராட்டம், மீம்ஸ், எல்லாமே மாட்டைச் சுத்திதான்.

அதே நாள்ல இன்னொரு விதித் தொகுப்பும் வந்துச்சு. மீன் தொட்டிகளுக்கும், அலங்கார மீன் விக்கற கடைகளுக்குமான விதிகள். அதைப் பத்திப் பேசினவங்க ரொம்பக் குறைவு. நாம இன்னைக்குப் பேசப்போறது அந்த மீன் கடையைப் பத்தி. அது எப்படி நம்ம ரோட்டோரத்துக்கு வந்துச்சு, எத்தனை அடி வாங்குச்சு, இன்னமும் எப்படி நிக்குது.

இந்தக் கதையைச் சொல்ல நான் எடுத்துக்கற ஊர் சிங்கப்பெருமாள் கோயில். மறைமலை நகருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல, ஜி.எஸ்.டி. ரோட்டு மேலயே இருக்கற ஊர். பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயில்தான் ஊருக்கே பேர் கொடுத்தது. பீச்–செங்கல்பட்டு மின்சார ரயில் இங்க நிக்கும். இங்கிருந்து ஒரு ரோடு பிரிஞ்சு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகும். 1990-கள்ல மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்துச்சு. அப்புறம் பக்கத்துல மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, ஒரகடத்துல கார் கம்பெனிகள். அதோட சேர்ந்து வாடகை வீடுகள், மனைப்பிரிவுகள், அப்பார்ட்மெண்டுகள். முதல் சம்பளம், முதல் வீடு, முதல் குழந்தை, அந்தக் குழந்தைக்கு ஒரு மீன் தொட்டி. இந்த மாதிரி ஊர்கள்லதான் கடந்த இருபது வருஷத்துல சின்னச் சின்ன மீன் கடைகள் முளைச்சது. பத்துக்குப் பதினஞ்சு அடி இடம், ரெண்டு மூணு வரிசை இரும்பு ஸ்டாண்டு, நீல பல்பு, வாசல்ல கவர்ல தொங்கற ஃபைட்டர் மீன். பாத்திருப்பீங்க.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம்.

மீனைக் கண்ணாடிக்குள்ள வெச்சுப் பாக்கற பழக்கம் நாம நினைக்கற அளவுக்குப் பழசு இல்லை. தங்கமீனைக் குளத்துலயும் ஜாடியிலயும் வளர்க்கறது சீனாவுல பல நூற்றாண்டாவே இருக்கு. ஆனா தண்ணியைத் தினமும் மாத்தாம ஒரு மூடின உலகம் மாதிரி தொட்டியை நடத்த முடியும்னு சோதிச்சுக் காட்டினதுல முக்கியமானவர், லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர். 1850-வாக்குல தங்கமீன், வாலிஸ்னேரியா செடி, நத்தை மூணையும் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்துல போட்டு வெச்சார். மீன் கழிவைச் செடி எடுத்துக்குது, அழுகற இலையை நத்தை தின்னுது, செடி ஆக்சிஜன் கொடுக்குது. 1853-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில பொதுமக்களுக்கான மீன் கூடம் திறந்தாங்க. அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதின புத்தகம் ‘அக்வேரியம்’ங்கற வார்த்தையையே பிரபலமாக்குச்சு. அதுக்குச் சில வருஷம் முன்னாடிதான், 1845-ல, இங்கிலாந்துல கண்ணாடி மேல இருந்த வரியை எடுத்திருந்தாங்க. கண்ணாடி மலிவானதும் தொட்டி நடுத்தர வர்க்க வீட்டுக்கு வந்துடுச்சு. வரிக்கும் மீன் தொட்டிக்கும் அப்பவே சம்பந்தம் உண்டுங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்ம ஊருக்கு இது எப்போ வந்துச்சு? 1909 அக்டோபர். மெரினா கடற்கரையில, மாநிலக் கல்லூரிக்கு எதிர்ல, ஒரு அக்வேரியம் திறந்தாங்க. இந்தியாவிலேயே முதல்னு சொல்றாங்க. யோசனை எட்கர் தர்ஸ்டனோடது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல பல வருஷம் கண்காணிப்பாளரா இருந்தவர், தென்னிந்திய சாதிகளைப் பத்தி ஏழு தொகுதி எழுதின அதே தர்ஸ்டன். கட்டடம் முதல்ல அருங்காட்சியகத்துக்குக் கீழ இருந்துச்சு, 1919-ல மீன்வளத் துறைக்குப் போச்சு. சாயங்காலம் பீச்சுக்குப் போற மெட்ராஸ்காரங்க அப்படியே உள்ள போய் மீன் பாத்துட்டு வருவாங்க. அது இரண்டாம் உலகப் போர் வரைக்கும்தான். ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு ஊரே காலியான 1942-ல, மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம் புலியைச் சுட்டுக் கொன்ன அதே பயத்துல, இதையும் மூடினாங்க. அப்புறம் அது திரும்பி வரவேயில்லை. ‘மீண்டும் கட்டுவோம்’னு பேச்சு வரும், போகும். மாமல்லபுரத்துல பிரம்மாண்டமான கடல்வாழ் உயிரினக் காட்சியகம்னு அறிவிப்பு வந்த கதையும் நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அரசாங்கம் விட்ட அந்த இடத்தை யார் எடுத்துக்கிட்டாங்க? கொளத்தூர்க்காரங்க.

வடசென்னையில கொளத்தூர், வில்லிவாக்கம், அப்படியே புழல், செங்குன்றம் பக்கம் வரைக்கும் வீட்டு மாடியில, கொல்லைப்புறத்துல, வாடகை மனையில சிமெண்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு பொரிக்க வெக்கறவங்க இருக்காங்க. நூத்துக்கணக்கான குடும்பங்கள். கப்பி, மாலி, ஏஞ்சல், தங்கமீன், கோய், ஃபைட்டர். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துல படிச்ச உயிரியல் இல்லை, பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. பெண்கள் நிறைய பேர் இந்தத் தொழில்ல உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஆந்திராவுல இருந்தும் கர்நாடகாவுல இருந்தும் ஆள் வருவாங்க. இந்தியாவுல அலங்கார மீனுக்குப் பெரிய மையங்கள்னா கொல்கத்தா, சென்னை, கேரளா. அதுல சென்னைன்னா கொளத்தூர்தான்.

சிங்கப்பெருமாள் கோயில் கடையோட தொப்புள்கொடி அங்கதான் இருக்கு. சுமார் ஐம்பது கிலோமீட்டர். பாலிதீன் கவர்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, மீதி ஆக்சிஜன், ரப்பர் பேண்டு. வெயில் ஏறறதுக்கு முன்னாடி கடை வந்து சேரணும். தாமதமானா கவருக்குள்ள அம்மோனியா ஏறும், சூடு ஏறும், ஆக்சிஜன் குறையும். வந்ததும் நேரா தொட்டியில கொட்டவும் முடியாது. கவரை அப்படியே மிதக்க விட்டு, சூடு சமமானதும், கொஞ்சம் கொஞ்சமாத் தொட்டித் தண்ணியைச் சேர்க்கணும். கொளத்தூர் தண்ணி வேற, இங்க போர் தண்ணி வேற. உப்பும் கடினத்தன்மையும் மாறினா மீன் தாங்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். கற்பனைக் கடை, குத்துமதிப்பு எண்கள். 100 கப்பி, ஒண்ணு 5 ரூபாய்னு வாங்கியாச்சு. 500 ரூபாய். வண்டிச் செலவுல கப்பியோட பங்கு 100. ஆக 600. வழியிலயும் முதல் ரெண்டு நாள்லயும் 20 செத்துப் போச்சுன்னு வெச்சுக்குவோம். மிச்சம் 80-ஐ 12 ரூபாய்னு வித்தா 960. லாபம் 360. விக்கறதுக்குப் பத்து நாள் ஆச்சுன்னா ஒரு நாளைக்கு 36 ரூபாய். அந்தப் பத்து நாளும் தீனி, கரண்ட், வாடகை. அப்போ கடை எதுல ஓடுது? தொட்டி, பம்ப், ஃபில்டர், லைட், கல்லு, தீனி டப்பா, மருந்து. மீன் வாசல்ல நின்னு ஆளைக் கூப்பிடும், காசு கொடுக்கறது பம்ப்தான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா, பின்னாடி வரப்போற ஆன்லைன் கதையும் தானாப் புரியும்.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. வாரிங்டன் காட்டின சமநிலை ஒரு நாள்ல வராது. மீன் கழிவுல இருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும், அது பரவாயில்லை. இந்த பாக்டீரியாக் கூட்டம் புதுத் தொட்டியில, ஃபில்டர் பஞ்சுல, கல்லுல குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனா வாடிக்கையாளர் என்ன பண்ணுவார்? ஞாயித்துக்கிழமை காலையில தொட்டி வாங்கி, மத்தியானம் தண்ணி ஊத்தி, சாயங்காலம் பத்து மீன் விடுவார். பையனுக்குப் பொறந்தநாள்! வியாழக்கிழமை, ‘அண்ணே, நீங்க குடுத்த மீன் எல்லாம் செத்துப்போச்சு’ன்னு வந்து நிப்பார். ‘ஒரு மாசம் வெறும் தொட்டியை ஓட்டுங்க, அப்புறம் மீன் தர்றேன்’னு சொன்னா அவர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவார். சொல்லாம வித்தா, ரெண்டு தடவை செத்ததும் தொட்டியைப் பரண்ல ஏத்திட்டு அந்தப் பழக்கத்தையே விட்டுடுவார். என்னைக் கேட்டா, சொந்தமா கடை நடத்தறவங்களோட முதல் சவால் போட்டியும் இல்லை, வரியும் இல்லை, இந்த ஒரு மாசப் பொறுமையை எப்படி விக்கறதுங்கறதுதான்.

பொறுமையை விக்க முடியலைன்னாலும் அதிர்ஷ்டத்தை நல்லா வித்தாங்க. 2000-கள்ல ‘வாஸ்து மீன்’ அலை வந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஃபிளவர்ஹார்ன். நெத்தியில பெரிய புடைப்போட இருக்குமே, அதுதான். மத்திய அமெரிக்க சிக்லிட் மீன்களைக் கலந்து 1990-கள்ல மலேசியா பக்கம் உருவாக்கின கலப்பினம். நம்ம வாஸ்து சாஸ்திரம் எழுதின காலத்துல அப்படி ஒரு மீனே உலகத்துல கிடையாது! ஆனாலும் புடைப்பு எவ்வளவு பெருசோ அவ்வளவு பணம் வரும்னு நம்பி ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்கினாங்க. பல சின்னக் கடைகளுக்கு முதல் நல்ல காலம் அதுதான்.

அந்த நல்ல காலத்தை மின்வெட்டு வந்து முடிச்சுது. 2008-ல ஆரம்பிச்சு 2012-ல உச்சத்துக்குப் போச்சு. சென்னைக்கு அறிவிச்ச மின்வெட்டு ஒரு நாளைக்கு 2 மணி நேரம். மத்த மாவட்டங்கள்ல பத்து மணி நேரத்தையும் தாண்டின நாட்கள் உண்டு. சிங்கப்பெருமாள் கோயில் அப்போ காஞ்சிபுரம் மாவட்டம் (செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர்லதான்). ஜி.எஸ்.டி. ரோட்டுல தெற்க போகப் போக இருட்டு நீளும். மீன் தொட்டிக்கு மின்சாரம்னா மூச்சு. பம்ப் நின்னா காத்து நிக்கும், நெருக்கமா மீன் இருக்கற கடைத் தொட்டியில முதல்ல தங்கமீன் மேல வந்து வாயைத் திறக்கும். ஃபைட்டரும் கௌராமியும் தப்பிச்சுக்கும், ஏன்னா அதுங்களுக்குக் காத்தை நேராவே இழுக்கற தனி உறுப்பு உண்டு. அதைவிட மோசம், ஃபில்டர்ல தண்ணி ஓட்டம் நின்னா அந்த பாக்டீரியாவும் சாக ஆரம்பிக்கும். அதனால கரண்ட் திரும்பி வந்த பிறகும் சாவு தொடரும். இன்வெர்ட்டர் வாங்கினவங்க நின்னாங்க. வாங்க முடியாதவங்களோட ஷட்டர் இறங்குச்சு.

அடுத்து வந்த அஞ்சு வருஷத்தை மட்டும் வரிசையாச் சொல்றேன், நீங்களே ஒரு கடைக்காரர் இடத்துல நின்னு கேளுங்க. 2015 டிசம்பர்: வெள்ளம். 2016 நவம்பர் 8: பணமதிப்பிழப்பு. கொளத்தூர்ல மீன் வாங்கறது முழுக்க முழுக்கக் கையில காசு. 2016 டிசம்பர் 12: வர்தா புயல். மரமும் கம்பமும் சாய்ஞ்சு பல இடங்கள்ல நாள்கணக்குல கரண்ட் இல்லை. 2017 மே: நான் ஆரம்பத்துல சொன்ன விதிகள். 2017 ஜூலை 1: ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் அந்த இன்னொரு ஜி.எஸ்.டி. வந்துச்சு, தொட்டி, பம்ப், ஃபில்டர் எல்லாம் அதுக்குள்ள. 2019 கோடை: பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு போச்சு. குடிக்கவே லாரித் தண்ணி, இதுல மீன் தொட்டிக்கு வாரம் ஒரு தடவை மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும். 2020 மார்ச் 25: முழு ஊரடங்கு. துணிக்கடையைப் பூட்டிட்டு வீட்டுல இருக்கலாம். மீன் கடையைப் பூட்ட முடியாது, உள்ள உயிர் இருக்கு. அதே வருஷம் ஜூன் 19-ல இருந்து ஜூலை 5 வரைக்கும் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் நாலு மாவட்டத்துக்கும் மறுபடியும் கடும் ஊரடங்கு. கொளத்தூரும் சிங்கப்பெருமாள் கோயிலும், ரெண்டு முனையுமே அதுக்குள்ள.

சரி, 2017 விதிகளுக்கு வர்றேன். அதுல என்ன இருந்துச்சு? கடைகள் பதிவு செய்யணும். 158 வகை மீன்களைக் காட்சிக்கு வெக்கவோ விக்கவோ கூடாது. கோமாளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன், கடல் ஏஞ்சல் மாதிரி பவளப்பாறை மீன்கள்தான் அந்தப் பட்டியல்ல பிரதானம். வட்டக் கிண்ணத்துல மீன் வெக்கக் கூடாது. முழு நேர மீன்வள மருத்துவ நிபுணர் ஒருத்தரும் அவருக்கு உதவியாளரும் இருக்கணும்.

இதுல பாதி நியாயம்னு நான் நினைக்கறேன். கிண்ணத்துல மீன் வளர்க்கறது வதைதான். பாக்டீரியாவுக்கு இடம் இல்லை, காத்து போற மேற்பரப்பு இல்லை. உடம்பு ஊடுருவித் தெரியற கண்ணாடி மீனுக்கு ஊசியில சாயம் ஏத்தி விக்கறது இருக்கு பாருங்க, அதைத் தடுக்க எந்தச் சட்டம் வந்தாலும் வரவேற்கணும். பவளப்பாறையில இருந்து பிடிச்சு வர்ற கடல் மீன்ல நிறைய சீக்கிரமே செத்துப் போகும், அதை வீட்டுல வளர்க்கறது எத்தனை பேரால முடியும்?

ஆனா முழு நேர நிபுணர்? நாள் ஒண்ணுக்குக் கப்பியில 36 ரூபாய் பாக்கற கடையில? நகரத்துல பெரிய மாலுக்குள்ள இருக்கற காட்சியகத்தையும் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் பக்கம் இருக்கற பத்தடிக் கடையையும் ஒரே வரியில எழுதினவங்க, ரெண்டாவது மாதிரிக் கடைக்குள்ள ஒரு தடவை கூட நுழைஞ்சிருக்க மாட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது. பட்டியல்லயும் ஒரு குழப்பம். கடல் ஏஞ்சல் வேற, நம்ம கடையில இருக்கற நன்னீர் ஏஞ்சல் வேற. அது அமேசான் ஆத்து சிக்லிட், கொளத்தூர்ல பொரிக்கறது. பேரு ஒண்ணு, மீன் வேற. சோதனைக்கு வர்ற அதிகாரிக்கு அது தெரியணுமே!

கொளத்தூர்ல எதிர்ப்பு கிளம்புச்சு. அந்தத் தொகுதியோட எம்.எல்.ஏ. அப்போ எதிர்க்கட்சித் தலைவரா இருந்த மு.க. ஸ்டாலின். அதனால மாட்டு விதி அளவுக்கு இல்லைன்னாலும், மீன் விஷயமும் அரசியல் மேடைக்குப் போச்சு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள மத்திய அரசு மீன் தொட்டி விதிகளைத் திரும்பப் பெற்றுக்கிச்சு. கடைக்காரங்களுக்கு நிம்மதி. ஆனா நியாயமான பாதியும் சேர்ந்து போயிடுச்சு. கிண்ணம் இன்னமும் விக்குது.

சட்டத்தோட கை வேற பக்கத்துல இருந்தும் வருது. இதுக்கு நம்ம வரலாற்றோட ஒரு தொடர்பு இருக்கு. ‘மிஸ் கேரளா’ன்னு ஒரு மீன். வெள்ளி உடம்பு, கறுப்புக் கோடு, அதுக்கு மேல சிவப்புக் கோடு. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள்ல மட்டும் இருக்கறது. 1865-ல மெட்ராஸ் ராணுவ மருத்துவர் ஃபிரான்சிஸ் டே அதை விவரிச்சு, அப்போதைய மெட்ராஸ் கவர்னர் வில்லியம் டெனிசன் பேரை வெச்சார். நூறு வருஷத்துக்கு மேல யாரும் கண்டுக்கலை. 1990-கள்ல இருந்து வெளிநாட்டுத் தொட்டிகள்ல மவுசு வந்து, ஆத்துல வலை போட்டு அள்ளினாங்க. இனம் குறைஞ்சு போச்சு. 2022-ல திருத்தின வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணையில அதைச் சேர்த்துட்டாங்க. சரியான முடிவுதான். ஆனா தொட்டியில வளர்த்துப் பொரிச்ச குஞ்சுக்கும் ஆத்துல பிடிச்ச மீனுக்கும் வித்தியாசத்தைக் கடை முனையில எப்படி நிரூபிக்கறது? அதுக்கு ரசீது வேணும், பதிவேடு வேணும். கவர்ல வந்து கவர்ல போற வியாபாரத்துல இதுவரைக்கும் இல்லாத பழக்கம் அது.

இன்னொரு பக்கம், நம்ம கடற்கரையிலேயே முட்டுக்காட்டுல மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட நிலையம் இருக்கு. நிறுவனம் 1987-ல வந்தது. வெள்ளி நிறத்துல வட்டமா இருக்கற நிலா மீன் மாதிரி உவர்நீர் அலங்கார மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யற முறையை அவங்க உருவாக்கியிருக்காங்க. சிங்கப்பெருமாள் கோயில்ல இருந்து அது ரொம்பத் தூரம் இல்லை. ஆனா நம்ம ஊர்க் கடைகள்ல நான் அந்த மீனைப் பாத்ததில்லை. உப்புத் தண்ணிக்குத் தனித் தொட்டி, தனிக் கவனம், அதைக் கேட்டு வர்ற ஆள், மூணும் வேணும்.

ஊரடங்குல வீட்டுல அடைஞ்சு கிடந்த நிறைய பேர் மீன் வளர்க்க ஆரம்பிச்சாங்க. நல்லதுதானேன்னு நினைப்பீங்க. அவங்க யூடியூப்ல பாத்துக் கத்துக்கிட்டு, பம்ப்பையும் லைட்டையும் தீனியையும் ஆன்லைன்ல வாங்கினாங்க. மேல போட்ட கணக்கை ஞாபகப்படுத்திக்கோங்க, காசு கொடுத்துட்டு இருந்ததே பம்ப்தான். இப்போ கடைக்கு வர்றவர் கையில போன் இருக்கு, ‘அண்ணே, இது ஆன்லைன்ல இன்னும் கம்மி’ம்பார். அதே ஆள், மீன் உடம்புல வெள்ளைப் புள்ளி வந்தா ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டோ அனுப்பி என்ன மருந்துன்னு கேப்பார். இதைக் குறையாச் சொல்லலை, நானும் அப்படி வாங்கறவன்தான். ஆனா மருந்து எது, எவ்வளவு, உப்பு போடலாமா, ஹீட்டரைக் கூட்டலாமான்னு சொல்ற அந்தப் பதிலுக்குப் பில் போட எந்தக் கடைக்காரருக்கும் வழி தெரியலை.

கொளத்தூர்ப் பக்கம் இப்போ சி.எம்.டி.ஏ. 50 கோடி ரூபாய்க்கு மேல செலவுல, 188 கடைகளோட வண்ண மீன் வர்த்தக மையம் கட்டியிருக்கு. 1942-க்கு அப்புறம் மீன் தொட்டிக்காக அரசாங்கம் பெருசாச் செலவு பண்ணினது எனக்குத் தெரிஞ்சு இதுதான். மழையில நனைஞ்சு, தெருவோரத்துல கவர் தொங்கவிட்டு வித்தவங்களுக்கு இது நிச்சயம் வேணும். ஆனா ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கற கடைக்கு? மொத்தமா வாங்கற இடம் சுத்தமாவும் ஒழுங்காவும் இருந்தா வழியில சாகற மீன் குறையும். அதே சமயம், ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கார்ல போய் நேரா அங்கேயே வாங்கிட்டு வர்றதும் சுலபமாகும். ரெண்டுல எது அதிகமா நடக்குங்கறது ஜி.எஸ்.டி. ரோட்டு ஷட்டர்கள்ல தெரியும்.

அடுத்த எபிசோடுல கதையைத் திருப்பிப் போடுவோம்: கடையில இருந்து வீட்டுக்குப் போன மீன், வீட்டுல இருந்து ஏரிக்குப் போனா என்ன ஆகும்? ‘டேங்க் கிளீனர்’னு நம்ம வாங்கற அந்த சக்கர் மீன் சென்னை நீர்நிலைகளுக்குள்ள பரவின கதை.